ஊரடங்கு விவாதம்: எதைப் பற்றி நாம் வாதிடுகிறோம்?

2020 மார்ச் 24 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். அப்போது இந்தியாவில் கண்டறியப்பட்டிருந்த கொரோனா தொற்றுகள் ஐந்நூற்றுச் சொச்சம்தான். அதன் பிறகு நீட்டிப்பு, தளர்வு, மீண்டும் முழு ஊரடங்கு, ஞாயிறு ஊரடங்கு, இரவு ஊரடங்கு என்று பல வடிவங்களில் 2022 ஜனவரி வரை அது நம் வாழ்வில் வந்து போய்க்கொண்டிருந்தது. அது தேவைதானா, தேவை என்றால் அவ்வளவு நாட்கள் தேவையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இந்த வாதத்தில் புதிதாக நுழைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரு தரப்பாரும் பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விகளைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்தே அதைச் செய்கிறேன்.

முதலில் ஊரடங்கின் அடிப்படைக் கணக்கைப் பார்ப்போம். தொற்று நோய் ஒவ்வொன்றிலும், நோய் கண்ட ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார் என்பதே முக்கியமான எண். அது ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை தொற்று பெருகும். ஒன்றுக்குக் கீழே போனால் வற்றத் தொடங்கும். பெருகும் வேகத்தை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகிறது என்று சொல்வது வழக்கம். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால், இன்று 100 ஆக இருப்பது முப்பது நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அதே 100, ஏழு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால் ஏறத்தாழ அதே ஒரு மாதத்தில் 2,000 அளவில்தான் நிற்கும். ஊரடங்குக்கு முன் இந்தியாவில் இரட்டிப்புக் காலம் 3.4 நாட்களாக இருந்தது என்றும், ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் அது 7.5 நாட்களாக நீண்டது என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் கூறியது. மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பது குறைந்தால், ஒருவர் எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்ற அந்த எண் குறையும், அது குறைந்தால் ஒரே நேரத்தில் மருத்துவமனைக்கு வருவோரின் எண்ணிக்கை குறையும், அப்போது படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் இறப்பவர்கள் குறைவார்கள் என்பதுதான் ஊரடங்கின் தர்க்கம்.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. ஊரடங்கு கிருமியை அழிப்பதில்லை. அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் பரிசோதனைக் கூடங்களைப் பெருக்கலாம், படுக்கைகளைத் தயார் செய்யலாம், மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்பு உடைகளைச் சேர்க்கலாம், தடுப்பூசி வரும்வரை முதியவர்களைக் காக்கலாம். 2020 ஜனவரியில் இந்தியாவில் இந்தத் தொற்றைச் சோதிக்கும் வசதி புணேயிலுள்ள தேசியத் தீநுண்மியியல் நிறுவனத்தில் மட்டுமே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அவகாசத்தின் மதிப்பு விளங்கும். தமிழ்நாடு அந்தக் காலத்தை ஓரளவு நன்றாகவே பயன்படுத்தியது என்பது என் கருத்து. மாநிலம் முழுவதும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வசதி விரிந்தது. சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. வீடு வீடாகச் சென்று உடல் வெப்பம் பார்த்த களப்பணியாளர்களின் உழைப்பை இன்று யாரும் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆனாலும் தொற்று நிற்கவில்லை. 2020 ஜூலையில் சென்னையில் எடுக்கப்பட்ட ரத்த ஆய்வில் 21.5 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது தெரியவந்தது. அதாவது, நான்கு மாதக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஒரு தரப்பார் இந்த எண்ணைக் காட்டி, "பார்த்தீர்களா, ஊரடங்கால் பயனில்லை" என்பார்கள். மறு தரப்பார் அதே எண்ணைக் காட்டி, "ஐந்தில் நான்கு பேருக்கு வராமல் தள்ளிப்போட்டிருக்கிறோமே" என்பார்கள். ஒரே தரவை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு முடிவுக்கு வருவதற்குக் காரணம், ஊரடங்கே போடாத இன்னொரு சென்னை நம்மிடம் இல்லாததுதான்.

இந்த ஒப்பீட்டுச் சிக்கல்தான் விவாதம் முழுவதற்கும் அடியில் இருக்கிறது. 2021 மே 10 அன்று தமிழ்நாட்டில் இரண்டாம் அலைக்கான ஊரடங்கு தொடங்கியது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 தொற்றுகள் பதிவாகி உச்சம் தொட்டது. ஜூன் இறுதியில் அது ஐந்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்த இறக்கம் முழுவதும் ஊரடங்கால் வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால், அந்த நாட்களில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த மக்கள், அரசு சொல்லாவிட்டாலும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். மேலும், அந்தக் கோடையின் முடிவில் மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது. கிருமிக்குப் புதிய உடல்கள் குறைந்துபோயின. உத்தரவு, அச்சம், ஏற்கெனவே பரவியிருந்த எதிர்ப்பாற்றல் ஆகிய மூன்றும் ஒரே வாரங்களில் சேர்ந்து வேலை செய்தன. அவற்றில் உத்தரவின் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்கள் முரண்படுகிறார்கள்.

உலக அளவிலும் வாதம் இப்படியே நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கட்டுப்பாடு இல்லாவிட்டால் மருத்துவமனைகள் தாங்காது என்று எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மார்ட்டின் குல்டார்ஃப், சுனேத்ரா குப்தா, ஜெய் பட்டாச்சார்யா ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் வெளியிட்ட கிரேட் பேரிங்டன் பிரகடனம், முதியவர்களையும் நோயுற்றவர்களையும் மட்டும் பாதுகாத்துவிட்டு மற்றவர்களை இயல்பாக வாழ விட வேண்டும் என்றது. உடனே வேறொரு விஞ்ஞானிகள் குழு, அது நடைமுறைக்கு ஒவ்வாத, ஆபத்தான யோசனை என்று மறுத்தது. ஒரே அறையில் பாட்டியும் பேரனும் படுத்துறங்கும் வடசென்னைக் குடியிருப்பில் முதியவரை மட்டும் எப்படித் தனிமைப்படுத்துவது என்று கேட்டால், அந்த மறுப்பின் நியாயம் எளிதில் புரியும். சுவீடன் பொது ஊரடங்கு போடவில்லை. தொடக்கப் பள்ளிகளையும் மூடவில்லை. அந்நாடு அமைத்த விசாரணை ஆணையம் 2022இல் தந்த இறுதி அறிக்கை, கட்டாய முடக்கத்தைத் தவிர்த்தது அடிப்படையில் சரியே என்றது. ஆனால் தொடக்க வாரங்களில் இன்னும் விரைவாகவும் கடுமையாகவும் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் நம் ஊரிலும் உண்டு.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஊரடங்கின் விலையைப் புரிந்துகொள்ள, பூ விவசாயத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது உதவும். 2020 ஊரடங்கு உத்தரவில் விவசாயத்துக்கு விலக்கு இருந்தது. காகிதத்தில் பார்த்தால் நிலக்கோட்டையிலோ மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலோ மல்லிகை பயிரிட்டவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவருடைய பூவை வாங்குவது யார்? கோவில்கள் பூட்டப்பட்டிருந்தன, திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது, பூக்கடை திறக்கவில்லை, பேருந்தில் கூடை ஏற்றி அனுப்ப வழியில்லை. மல்லிகையோ சித்திரை, வைகாசியில்தான் கொத்துக்கொத்தாகப் பூக்கும். பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்தால் பறிகூலி கொடுக்க வேண்டும். பறித்த பூவை வரப்பில் கொட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம். விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் பெண்களுக்குக் கூலி இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழக்கணக்கில் தொடுப்பவர்களுக்கு வேலை இல்லை. கூடை சுமந்து தெருவில் கூவி விற்பவர்களுக்கு அந்த நாள் வருமானம் இல்லை. விலக்குப் பட்டியலில் ஒரு தொழிலைச் சேர்ப்பது அதைக் காப்பாற்றிவிடாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கண்ணிகள் திறந்திருந்தால்தான் அது பிழைக்கும்.

இதே கதையைத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும், ஈரோட்டு விசைத்தறிகளிலும், சிவகாசி அச்சகங்களிலும் வெவ்வேறு விவரங்களுடன் சொல்ல முடியும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. நாட்கூலிக்காரருக்கு இந்த எண் எதையும் உணர்த்தாது. அவருக்குத் தெரிந்தது, அரிசி அட்டைக்கு வந்த 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்குதான். வங்கிக் கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதமும் பின்னர் மொத்தம் ஆறு மாதமும் தள்ளிவைப்பு அனுமதித்தது. ஆனால் தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது. கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு அந்தத் தள்ளிவைப்பே இல்லை. மகளிர் குழுக்கடன் தவணையைக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றிய புகார்கள் அந்த மாதங்களில் மாவட்டங்கள்தோறும் எழுந்தன.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊருக்குப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. வேலையும் இல்லை, வாடகை கொடுக்கப் பணமும் இல்லை என்ற நிலையில், நின்ற இடத்திலேயே இருங்கள் என்ற உத்தரவை அவர்களால் கடைப்பிடிக்க இயலவில்லை. அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசே கூறியது. இங்கே தவறு எது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நாட்டை மூடும் முடிவைவிட, நான்கு மணி நேர முன்னறிவிப்பில், உணவுக்கும் போக்குவரத்துக்கும் ஏற்பாடு சொல்லாமல் மூடியதுதான் பெரிய தவறு.

முன்னறிவிப்பு என்பது கேட்க எளிதாக இருந்தாலும் சிக்கலான விஷயம். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் நான்கு நாட்கள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, அதற்கு முந்தைய நாளான சனிக்கிழமை காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் மக்கள் முண்டியடித்தார்கள். கூட்டத்தைக் குறைப்பதற்கான உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. அந்த வாரங்களில்தான் கோயம்பேடு சந்தை தொற்றின் மையமாக மாறியது. சுமை தூக்குவோர், வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று அது பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. 2021இல் அரசு வேறு வழியை முயன்றது. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் எல்லாக் கடைகளையும் திறக்கவும் பேருந்துகள் ஓடவும் அனுமதித்தது. அப்போதும் கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது: ஊருக்குப் போக வேண்டியவர் பேருந்து ஏறிப் போக முடிந்தது, ஊரடங்கு நாட்களில் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன, அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் மளிகைத் தொகுப்பும் கிடைத்தன. முன்னறிவிப்பால் கூட்டம் சேரும் என்ற வாதம் உண்மைதான். ஆனால் முன்னறிவிப்பு இல்லாததால் நடந்தே போனவர்களின் கால்களோடு அதை எடைபோட்டால் எந்தப் பக்கம் கனமானது என்று சொல்வது கடினமில்லை.

மக்கள் விதிகளை மதிப்பதற்கு அவை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கோவில் திறக்காதபோது 2020 மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைக்க, மே 16 அன்று மீண்டும் திறந்தன. அரசின் வருவாய்த் தேவையை விளக்கியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பார்கள். விளக்கம் சரியாக வரவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் முகக்கவசம் இல்லாத பெருங்கூட்டங்கள் கூடியபோது, முகக்கவசம் இல்லையென்று 200 ரூபாய் அபராதம் கட்டிய சாதாரண மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கொடியது, ஊரடங்கு விதியை நிலைநாட்டும் அதிகாரம் காவல் துறையின் கையில் கட்டுப்பாடின்றிப் போனது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தார்கள். பொதுச் சுகாதார விதி ஒன்றை மீறியதாகச் சொல்லப்பட்டதற்கு இரண்டு உயிர்கள் போயின என்பதை ஊரடங்கு பற்றிய எந்தக் கணக்கிலும் விட்டுவிடக் கூடாது.

எல்லா விலைகளிலும் மிக நீளமானது பள்ளிகள் மூடப்பட்டதற்கான விலை. தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த குழந்தை, அடுத்து வகுப்பறையைப் பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆன்லைன் வகுப்பு இருந்தது என்று சொல்லலாம். ஆனால் ஒரே கைபேசி உள்ள வீட்டில், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடக்கும்போது யார் பார்ப்பது? டேட்டா தீர்ந்த பிறகு என்ன செய்வது? அரசுப் பள்ளியின் மதிய உணவு, முட்டை, அங்கே கிடைக்கும் பாதுகாப்பு ஆகியவற்றைத் திரையில் கொடுக்க இயலாது. பெரிய மாணவர்கள் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வராதவர்களைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது.

இந்த இழப்பை அளந்த ஆய்வுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஒன்று மிகவும் பயனுள்ளது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகியோர் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை, தொற்றுக்கு முன் எடுத்த அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். பள்ளிகள் திறந்த சில வாரங்களில், 2021 டிசம்பரில், அதே வயதுக் குழந்தைகள் முன்பு இருந்ததைவிடக் கணிதத்திலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள்; கணிதத்தில் இழப்பு அதிகம். நம்பிக்கை தரும் செய்தியும் அதிலேயே இருக்கிறது. அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது; ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் அதில் கூடுதலாகப் பயனடைந்தார்கள். அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் போன்ற ஒன்றை, திறந்த வெளியில், சிறு சிறு குழுக்களாக, ஓராண்டு முன்பே தொடங்கியிருக்கலாமே என்பதே என் ஆதங்கம். இந்தக் கிருமியால் சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் ஆபத்து முதியவர்களுக்கு ஏற்படுவதைவிட மிகக் குறைவு என்பது 2020 கோடையிலேயே தெரிந்திருந்தது. கடைகள், உணவகங்கள், திரையரங்குகள் எல்லாம் திறந்த பிறகும் தொடக்கப் பள்ளிகள் கடைசிவரை மூடியே கிடந்ததற்கு நியாயம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மற்ற நோய்களின் கணக்கையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2019இல் இந்தியாவில் 24 லட்சமாகப் பதிவான காசநோயாளிகளின் எண்ணிக்கை 2020இல் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. பேருந்து ஓடாததால் மருத்துவமனைக்குப் போகாதவர்கள், தொற்று வந்துவிடுமோ என்று பயந்து போகாதவர்கள், புறநோயாளிப் பிரிவு மூடியதால் திரும்பி வந்தவர்கள் என்று எல்லோரும் அந்த ஆறு லட்சத்துக்குள் இருக்கிறார்கள்.

இதற்கு எதிரே வைக்க வேண்டிய எண்ணும் சிறியதன்று. 2021 இறுதிவரை இந்தியாவின் அதிகாரபூர்வக் கொரோனா மரணங்கள் சுமார் 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் 47 லட்சம். இந்திய அரசு அந்தக் கணக்கீட்டு முறையை ஏற்க மறுத்தது. எந்த எண்ணை ஒருவர் ஏற்கிறார் என்பதைப் பொறுத்தே ஊரடங்கைப் பற்றிய அவருடைய தீர்ப்பும் பெரும்பாலும் அமைகிறது. நோய் சாதாரணமானது, அதற்காக ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பவர் இரண்டாம் அலையில் மயான வாசல்களில் காத்திருந்த குடும்பங்களை மறந்துவிடுகிறார். மூடியதெல்லாம் சரி என்பவர் பத்தொன்பதரை மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியை மறந்துவிடுகிறார்.

ஆகவே, ஊரடங்கைப் பற்றி ஒருவர் ஏதேனும் சொன்னால், எந்த ஊரடங்கு என்று முதலில் கேட்க வேண்டும். 2020 ஏப்ரலும் 2021 மே மாதமும் 2022 ஜனவரியும் வெவ்வேறு நிலைமைகள். முதலாவதில் கிருமியைப் பற்றி அதிகம் தெரியாது, மூன்றாவதில் தடுப்பூசி கையில் இருந்தது. எதை மூடினார்கள், எவ்வளவு நாள், அந்த நாட்களில் என்ன தயாரிப்பு நடந்தது, வருமானம் போனவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் மூன்று வாரங்களை ஆதரித்துக்கொண்டே பள்ளி மூடலை எதிர்ப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. என் நிலைப்பாடும் அதுதான்.

இந்த விவாதம் பழைய கதையாகிவிட்டது என்று நினைப்பவர்கள் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2020இல் மாநிலங்கள் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897ஆம் ஆண்டு, பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு இயற்றியது. மத்திய அரசு பயன்படுத்திய பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஆம் ஆண்டுடையது. இரண்டிலும், ஊரை மூடுவதற்கு எத்தனை மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும், வேலை இழந்தவருக்கு நிவாரணம் எப்போது தொடங்க வேண்டும், பள்ளிகளை எந்த அளவுகோலில் மூடித் திறக்க வேண்டும் என்ற வரையறைகள் இல்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தந்த 286ஆவது அறிக்கையில் 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய நிலைமைக்குப் போதாது என்று கூறி, மத்திய, மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் அதிகாரங்களைப் பிரித்துக் காட்டும் தொற்றுநோய்த் திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தை எழுதும்போது நாட்கூலித் தொழிலாளரின் நிவாரணமும் தொடக்கப் பள்ளியும் அதன் எந்தப் பக்கத்தில் இடம்பெறும் என்பதை, அது எழுதப்படும் காலத்திலேயே நாம் கேட்டாக வேண்டும்.